மீட்டர் சரி, விளக்குதான் எரியவில்லை

கேள்வி: பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். வளையும் ஓஎல்இடி விளக்குக்கு (மெல்லிய கரிம அடுக்குகள் ஒளிரும் விளக்கு) ஒளி ஊடுருவும் மின்முனையாகப் பாலியெஸ்டர் ஷீட்டில் வெள்ளி நானோகம்பி மை (மிக நுண்ணிய வெள்ளிக் கம்பிகள் மிதக்கும் திரவம்) பூசினேன். மல்டிமீட்டரில் 20 ஓம் காட்டுகிறது, ஷீட்டும் தெளிவாக இருக்கிறது. ஆனால் விளக்கு ஒரு நொடி மின்னிவிட்டு ஷார்ட் ஆகிறது. மை விற்றவர் இதைவிட உயர்ந்த ரகம் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் மை கரண்டையும் கடத்துகிறது, வெளிச்சத்தையும் விடுகிறது. கோளாறு மேடுபள்ளத்தில்.

முற்றத்தில் ஈர்க்குச்சிகளை அள்ளி வீசினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்குமே, கம்பிகளும் அப்படித்தான் கிடக்கின்றன. ஒரு கம்பி 40 நானோமீட்டர் என்றால் மூன்று சேரும் இடத்தில் 120. மேலே வரும் ஒளிரும் அடுக்குகள் எல்லாம் சேர்த்தே 100, 150 நானோமீட்டர்தான். மேடு நேராக மேல் மின்முனையில் போய் முட்டுகிறது, அதுதான் ஷார்ட்.

தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் சுத்தமான கண்ணாடியில் பூசி, 150 டிகிரியில் சில நிமிடம் சூடாக்குங்கள். பாலியெஸ்டர் என்றால் அந்தச் சூட்டில் நெளிந்துவிடும். அதன்மேல் புற ஊதா ஒளியில் இறுகும் பிசினை ஊற்றுங்கள். இறுகியதும் ஓரத்தை பிளேடால் கீறி, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் உரியுங்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம் வழுவழுவென்று வரும். கம்பிகள் பிசினுக்குள் புதைந்து முதுகை மட்டும் காட்டும். அந்தப் பக்கத்தின்மேல்தான் விளக்கின் அடுக்குகளைப் போட வேண்டும்.

உரிப்பதற்குப் பதில் பெடாட் (கரண்ட் கடத்தும் பாலிமர்) பூசி மேட்டை மூடலாமே என்பீர்கள். மூடலாம், அன்றே செய்து அன்றே அளப்பதாக இருந்தால் மட்டும். அது அமிலத்தன்மை உள்ளது, ஈரத்தையும் உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் நம் நெல்லைக் காற்றில் திறந்து வைத்தால் வெள்ளியை அரிக்கத் தொடங்கும். கோடையில் செய்தாலும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். ஆனால் நாள்பட வைத்துக் காட்ட வேண்டிய விளக்குக்கு இந்த வழியே வேண்டாம்.

அப்புறம் அந்த வியாபாரி. நானோ வெள்ளி என்று சொல்லி வெறும் துகள் கரைசலைத் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குப்பியை வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கம்பி என்றால் சாம்பல் நிறத்துக்குள் பட்டு நூல்போல மினுமினுப்பு ஓடும். தெளிந்த மஞ்சளாக இருந்தால் துகள், காசு கொடுக்காதீர்கள். மல்டிமீட்டரை இரண்டு இடத்தில் வைத்துக் காட்டுவதும் கணக்கில்லை. முனை தொடும் இடத்தின் தடை சேராமல் அளக்கும் நான்குமுனைக் கருவியில் அளந்ததைக் கேளுங்கள். உங்கள் 20 ஓமையும் அப்படி அளக்காமல் ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

கல்லூரி வழியாக மை வாங்கினால் மூன்று கொட்டேஷன், கமிட்டி, கையெழுத்து என்று மாதக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் மை வெயிலில் வெந்து வந்து சேர்வதை எத்தனை முறைதான் பார்ப்பது! பழி மட்டும் மாணவன் தலையில். பார்சல் வருகிற நாளை நீங்களே விசாரித்து, கையோடு வாங்கி ப்ரிட்ஜில் 4 டிகிரியில் வையுங்கள். ப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் கம்பிகள் திரண்டுவிடும்.