பாஸ்பேட்டேஸ் கேள்விகள்: எந்த நொதி, எந்த இலக்கு?

கேள்வி: இரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் அதிகம் என்று வந்திருக்கிறது. என் செல்களில் சமிக்ஞை கெட்டுவிட்டதா?

இல்லை. அந்த எண் பெரும்பாலும் கல்லீரலையும் எலும்பையும் பற்றியது. இந்தப் பகுதியில் பேசப்படுவதோ செல்லுக்குள் இருந்துகொண்டு புரதங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள். அறிக்கையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: செல்களை உடைக்கும் கரைசலில் பாஸ்பேட்டேஸைத் தடுக்கும் சோடியம் ஆர்த்தோவனடேட் சேர்த்தும், புரதங்களில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின்மேல் இருக்கும் பாஸ்பேட் எல்லாம் போய்விடுகிறது. வனடேட் போலியா?

உங்கள் கரைசலின் பட்டியலை நீங்களே ஒருமுறை படித்திருக்கலாம். அதில் இடிடிஏ இருக்கிறது, டிடிடி-யும் இருக்கிறது. முன்னது வனடேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பின்னது அதை ஒடுக்கிவிடும். மிச்சமிருந்து வேலை செய்ய என்ன இருக்கிறது? இன்னொன்று: உங்கள் வனடேட் கரைசல் மஞ்சளாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மஞ்சள், மூலக்கூறுகள் பத்துப் பத்தாகக் கோத்துக்கொண்டதன் அடையாளம். பிஹெச் 10-க்குக் கொண்டுவந்து, நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியபின் பிஹெச்சைச் சரிசெய்யுங்கள். நிறம் திரும்பாத வரை இதையே மறுபடி மறுபடி செய்ய வேண்டும்.

கேள்வி: பாஸ்பேட்டை ஏற்றும் நொதியான கைனேஸ் சமிக்ஞையைத் தொடங்கும், பாஸ்பேட்டேஸ் அதை அணைக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். இவ்வளவு போதும்தானே?

போதாது. இந்த ஒற்றை வரி பல ஆண்டுகளாக வகுப்பறைகளில் செய்துவரும் கெடுதலுக்கு அளவில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதல் பிழை, பாஸ்பேட்டேஸ் என்றாலே அணைப்பது என்ற நினைப்பு. டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் மேலுள்ள சிடி45 என்ற பாஸ்பேட்டேஸை எடுத்துக்கொள்ளுங்கள். எல்சிகே என்ற கைனேஸின் வால்பகுதியில், 505-ஆவது டைரோசினில் ஒரு பாஸ்பேட் இருக்கும். அது இருக்கும்வரை எல்சிகே மடங்கிக் கிடக்கும். சிடி45 வந்து அதைக் கழற்றினால்தான் எல்சிகே விரியும், டி செல் ஏற்பியின் சமிக்ஞையும் அதன்பிறகுதான் கிளம்பும். சிடி45 இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குக் கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாடு வருகிறது. செல் பிரிவதற்கும் இப்படியே: சிடிசி25 என்ற பாஸ்பேட்டேஸ் பாஸ்பேட்டைக் கழற்றாமல் சிடிகே1 என்ற கைனேஸ் விழித்துக்கொள்ளாது. எஸ்ஹெச்பி2 இன்னும் தெளிவான சாட்சி. இந்த டைரோசின் பாஸ்பேட்டேஸ் செல்லை வளரச் சொல்லும் ராஸ் வழித்தடத்தை முன்னே தள்ளுகிறது. இதன் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டு நொதி அளவுக்கு மீறி விழித்திருந்தால் விளைவது நூனன் நோய்க்குறி என்ற பிறவிக் கோளாறு. அந்நோயாளிகளில் சுமார் பாதிப்பேரிடம் காரணம் இதுவே. சிறுவர்களுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயிலும் இதே நொதி குற்றவாளி. அணைப்பதுதான் இதன் வேலை என்றால், அது அதிகமாக வேலை செய்யும்போது புற்றுநோய் எப்படி வரும்?

இரண்டாவது பிழை, கைனேஸ்தான் தேர்ந்தெடுக்கும், பாஸ்பேட்டேஸ் கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றும் என்ற நினைப்பு. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நம்மிடம் கைனேஸ்கள் 500-க்கு மேல். செரின், த்ரியோனின் என்ற அமினோ அமிலங்களில் வேலை செய்யும் பாஸ்பேட்டேஸ்களோ 40-க்குள். ஆனால் அவற்றில் ஒன்றான பிபி1 தனியாகத் திரிவதில்லை. ஏறத்தாழ 200 துணைப் புரதங்கள் அதைப் பிடித்து, செல்லின் எந்த இடத்தில் எந்த இலக்கைத் தொடலாம் என்று முடிவு செய்கின்றன. இன்னொன்றான பிபி2ஏ-வும் மூன்று அலகுகள் சேர்ந்தே இயங்குகிறது. இலக்கைத் தேர்வது அதில் மாறிமாறி வரும் மூன்றாம் அலகு. ஆகவே 'பிபி2ஏ குறைந்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நொதி, எந்தத் துணை அலகு, எந்த இலக்கு? மூன்றும் வேண்டும்.

வரலாற்றிலும் பாஸ்பேட்டேஸ்கள் பின்னால் வந்தவை அல்ல. கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸின் வடிவத்தை மாற்றும் நொதி 1943-லேயே உயிர்வேதியியலாளர்களான கோரி தம்பதியரின் ஆய்வகத்தில் கண்ணில் பட்டுவிட்டது. அது கழற்றியது பாஸ்பேட்டைத்தான் என்பது அப்போது தெரியாது. அதே பாஸ்பாரிலேஸில் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸை ஃபிஷரும் கிரெப்ஸும் காட்டியது 1955-இல். அவர்களுக்கு 1992-இல் கிடைத்த நோபல் பரிசும் 'மீளக்கூடிய' பாஸ்பேட் ஏற்றத்துக்காக. ஏற்றமும் இறக்கமும் சேர்ந்ததே அந்தக் கண்டுபிடிப்பு. பாதியை மட்டும் கற்பிப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி.

கேள்வி: சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவன் நான். டாக்ரோலிமஸ் ஒரு பாஸ்பேட்டேஸ் தடுப்பான் என்கிறார்களே, உண்மையா? சென்ற வாரம் இரத்தத்தில் அளவு அதிகம் என்று வந்ததால் ஒருவேளை மாத்திரையை விட்டுவிடலாமா?

உண்மைதான். டாக்ரோலிமஸ் முதலில் செல்லுக்குள் எஃப்கேபிபி12 என்ற புரதத்தோடு சேர்கிறது. அந்தக் கூட்டு கால்சிநியூரின் என்ற பாஸ்பேட்டேஸைத் தடுக்கிறது. கால்சிநியூரின் பாஸ்பேட்டைக் கழற்றாததால் மரபணுக்களை இயக்கும் என்ஃபேட் புரதம் உட்கருவுக்குள் போக முடிவதில்லை, டி செல்களைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-2 உற்பத்தி முடங்குகிறது, டி செல்கள் புதிய சிறுநீரகத்தின்மேல் பாய்வது அடங்குகிறது. சைக்ளோஸ்போரின் என்ற மருந்தும் சைக்ளோஃபிலின் என்ற புரதத்தின் வழியாக இதே நொதியைத்தான் தடுக்கிறது.

ஆனால் காலை மாத்திரையை விழுங்கிவிட்டு இரத்தம் கொடுக்கப் போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அளவு எப்படிக் குறைவாக வரும்? அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்பு எடுக்க வேண்டிய இரத்தம் அது. ஒரு வேளையைக்கூட நீங்களாக விடாதீர்கள். நடந்ததைச் சிகிச்சைக் குழுவிடம் இன்றே சொல்லுங்கள்.

கேள்வி: புற்றுநோயைத் தடுக்கும் பிடென் என்ற நொதி, புரத பாஸ்பேட்டேஸா?

குடும்பத்தால் ஆம். ஆனால் அதன் முக்கிய இலக்கு பிப்3 என்ற கொழுப்பு மூலக்கூறு. புற்றுநோயைத் தடுப்பது பெரிதும் அந்த வேலையால்தான். மறுபடியும்: எந்த நொதி, எந்த இலக்கு?

கேள்வி: இன்சுலின் சமிக்ஞையை அடக்கும் பாஸ்பேட்டேஸான பிடிபி1பி-ஐத் தடுத்தால் நீரிழிவு குறையும் என்று படித்தேன். மாத்திரை ஏன் வரவில்லை?

1999-இல், இந்த நொதி இல்லாத எலிகள் இன்சுலினுக்கு நன்றாகப் பதில் தந்தன, கொழுப்பு நிறைந்த உணவிலும் பெருக்கவில்லை. சிக்கல் வேதியியலில் இருக்கிறது. நொதியின் பிடிப்பள்ளம் மின்னூட்டம் மிக்க பாஸ்போடைரோசினுக்காக, அதாவது பாஸ்பேட் ஏறிய டைரோசினுக்காக அமைந்தது. அதில் பொருந்தும் மருந்தும் மின்னூட்டம் கொண்டதாகிவிடுவதால் செல் சவ்வைக் கடக்கத் திணறுகிறது. கடந்தாலும் டிசிபிடிபி என்ற நெருங்கிய உறவுக்கார நொதியையும் பிடித்துவிடும் அபாயம் உண்டு. அந்த உறவு இல்லாத எலிகள் பிறந்த சில வாரங்களில் இறந்தன. மருந்து வரும்வரை, இருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பாஸ்பேட்டேஸ் தடுப்பானான ஒகாடாயிக் அமிலத்தை 1 மைக்ரோமோலார் (1000 நானோமோலார்) அளவில் செல்களுக்குக் கொடுத்தேன், விளைவு தெரிந்தது. பிபி2ஏ-தான் காரணம் என்று எழுதலாமா?

கூடாது. சோதனைக் குழாயில் பிபி2ஏ 1 நானோமோலாரிலேயே அடங்கிவிடும். பிபி1-க்குப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை தேவை. நீங்கள் கொடுத்த அளவில் இரண்டுமே விழுந்திருக்கலாம். குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்றிச் செய்யுங்கள், பிபி2ஏ-வின் வினையூக்க அலகைத் தனியே குறைத்தும் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் காட்டினால் எழுதலாம்.