கடிதம் வாங்கப் போகுமுன்

கேள்வி: எனக்கு 26 வயது, திருநங்கை. ஹோர்மோன் தொடங்க மனநல வைத்திய நிபுணரின் கடிதம் வேண்டுமாம். முன்பு மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தேன். சொன்னால் கடிதம் கிடைக்காமல் போகுமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: போகாது. மருந்தின் பெயர், அளவு, எப்போது நிறுத்தினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால் கிளினிக்குக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய இரண்டாம் கிழமையில் தூக்கம் கெட்டு, பதற்றத்தோடு போய் உட்கார்ந்தால் அதைத்தான் வைத்தியர் முதலில் காண்பார்.

அவர் பார்ப்பது சிலவற்றைத்தான். இந்த உணர்வு எவ்வளவு காலமாக நிலைத்திருக்கிறது, வேறு நோயால் வந்த குழப்பமா, சிகிச்சையின் விளைவுகளைப் புரிந்து சம்மதிக்கிறீர்களா. மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை நடக்கும். மாயக்குரல் கேட்பது, கட்டுப்பாடற்ற போதைப் பழக்கம் போன்றவை இருந்தால் அவற்றை முதலில் சீராக்கச் சொல்வார். அது தாமதம், மறுப்பல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022 முதல் பாலின முரண்பாட்டை (பிறப்பில் குறித்த பாலினமும் உணரும் பாலினமும் பொருந்தாமை) மனநோய்ப் பட்டியலில் வைக்கவில்லை. அதே ஆண்டில் வெளியான திருநர் நலன் குறித்த சர்வதேச வழிகாட்டலின் 8ஆம் பதிப்பும் ஹோர்மோனுக்கு ஒரு நிபுணரின் கருத்தே போதும் என்கிறது.

பலர் தடுமாறுவது மனப்பாடம் செய்த கதையால். "மூன்று வயதிலேயே சேலை கட்டினேன்" என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னால் வைத்தியர் இன்னும் தோண்டுவார். பதினைந்து வயதில்தான் புரிந்ததென்றால் அதையே சொல்லுங்கள். எதிர்பார்ப்பையும் கேட்பார்: பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜனால் குரல் மெலிதாகாது, தாடி முற்றாகப் போகாது, மார்பு வளர்ச்சி தொடங்க 3 முதல் 6 மாதம் ஆகும். பிள்ளை வேண்டுமென்ற நினைப்பிருந்தால் விந்தணுவைச் சேமிப்பது பற்றி முதல் மாத்திரைக்கு முன்பே பேசுங்கள்.

சிங்களம் சரளமில்லையா? தமிழ் பேசும் வைத்தியர் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். மொழிபெயர்க்க அம்மாவையோ அண்ணாவையோ அழைத்துப் போவது பெரும்பாலும் வினைதான். அவர்கள் முன் பாதியை விழுங்கிவிடுவீர்கள்.

கேள்வி: பார்மசியில் கர்ப்பத்தடை மாத்திரை வாங்கி ஆறு மாதமாகப் போடுகிறேன். மறைக்கலாமா?
– வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். மாத்திரை அட்டையையே கொண்டு போங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இரத்தப் பரிசோதனையில் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவாக வந்து, வைத்தியர் இல்லாத காரணத்தைத் தேடுவார். அந்த வில்லைகளில் பெரும்பாலும் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடயோல் என்ற ஈஸ்ட்ரஜன் வகை இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவது. சிகரெட் பிடித்தால் இன்னும் மோசம். வைத்தியர் தருவது சாதாரணமாக வேறு வகை ஈஸ்ட்ரடயோல். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: இந்தக் கடிதத்தைக் காட்டி அடையாள அட்டை மாற்றலாமா?
– திருநம்பி, தெஹிவளை

பதில்: முடியாது. அதற்கு 2016இல் இலங்கைச் சுகாதார அமைச்சு அறிமுகப்படுத்திய பாலின அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும். அதிலும் மனநல வைத்திய நிபுணரே கையொப்பமிடுவார். அதைக்கொண்டு முதலில் பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டும். அடையாள அட்டை அதன் பிறகு. ஹோர்மோன் கடிதம், இந்தச் சான்றிதழ் இரண்டும் தேவையென்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.