துபாய் போகும் முன் வீட்டுக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலியில் வேலை பார்க்கிறேன், வயது 34. துபாயில் 9,000 திர்ஹாம் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அதில் அடிப்படைச் சம்பளம் 4,500. வீட்டுக் கடன் பாக்கி 14 லட்சம், கையிருப்பு 6 லட்சம். கையிருப்பைக் கடனில் கட்டிவிட்டு மனைவி, குழந்தையோடு கிளம்பலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: கடனில் கட்டுவது, குடும்பத்தை அழைத்துப்போவது இரண்டையும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். அமீரகச் சட்டப்படி புரொபேஷன், அதாவது சோதனைக் காலம், ஆறு மாதம் வரை இருக்கலாம். அந்தக் காலத்தில் உங்களை அனுப்ப கம்பெனிக்கு 14 நாள் நோட்டீஸ் போதும். கடனில் கட்டிய பணத்தை அப்போது திரும்பக் கேட்க முடியாது.

குடும்பத்தோடு போனால் முதல் அடி வாடகையில்தான். அங்கே ஆண்டு வாடகையை மொத்தமாகப் பேசி, வரும் மாதங்களின் தேதியிட்ட சில காசோலைகளாக வாங்குவார்கள். ஆண்டுக்கு 48,000 திர்ஹாம், நான்கு காசோலை என்று வைத்துக்கொள்வோம். முதல் காசோலை 12,000, வைப்புத்தொகை ஆண்டு வாடகையில் 5 சதவீதம், தரகருக்குப் பெரும்பாலும் இன்னொரு 5 சதவீதம், மின்சாரம்-தண்ணீர் இணைப்புக்கு 2,000. மொத்தம் 18,800. முதல் சம்பளம் வரும் முன்பே இரண்டு மாதச் சம்பளம் காலி! பள்ளிக் கட்டணம் தனி. முதல் ஆறு மாதம் துபாயின் கராமா பகுதியிலோ தேராவிலோ ஒரு பெட் ஸ்பேஸில் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில்) தனியாக இருந்து பாருங்கள். வசதி குறைவுதான், ஆனால் ஊர் பிடிபடும், பணமும் மிஞ்சும்.

கையெழுத்துப் போடும் முன் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள். நம் ஊர் பி.எஃப். மாதிரி அங்கே உங்களுக்கு எதுவும் கிடையாது, வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடைதான். ஓராண்டு முடித்தவர்களுக்கு, முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கு. 4,500-க்கு அது சுமார் 3,150 திர்ஹாம். மொத்தச் சம்பளம் மாறாமல் அடிப்படையை 6,000 ஆக்கினாலே 4,200 ஆகிவிடும். விசா செலவை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது கம்பெனியின் பொறுப்பு.

போன பிறகும் பழைய சேமிப்புக் கணக்கையே ஓட்டுபவர்கள் நிறையப் பேர். அது விதிமீறல். வங்கியில் சொல்லி அதை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கானது) மாற்றுங்கள், கடன் தவணை அதிலிருந்தே போகட்டும். சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கானது) தொடங்குங்கள்; அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள், அதனால் அங்கே தேவைக்கு மேல் வைக்காதீர்கள். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது.

அப்புறம், கிளம்பும் தேதி. ஒரு நிதியாண்டில் (ஏப்ரல் முதல் மார்ச் வரை) 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால்தான் அந்த ஆண்டின் துபாய் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. முடிந்தால் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் கிளம்பிவிடுங்கள். தீபாவளிக்கு லீவில் வரும் நாட்களும் இந்தக் கணக்கில் சேரும்.