வாசகர் கேட்டவை: மூடியில் எம்-சீல் பூசிய மோட்டார்

கேள்வி: கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்கிறோம். எளிதில் தீப்பிடிக்கும் டொலுவீன் கரைப்பானைச் சேர்த்துப் பசை கலக்கும் டிரம்முக்கு மேலே புதிதாக ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார் மாட்டினோம். தண்ணீர் இறங்கக்கூடாது என்று எலக்ட்ரீசியன் அண்ணன் மோட்டாரில் கேபிளை இணைக்கும் டெர்மினல் பாக்ஸ் மூடியைச் சுற்றி எம்-சீல் பூசிவிட்டார். ஒரு போல்ட்டுக்கு மரை போனதால் மூன்றோடு விட்டிருக்கிறார். நன்றாகத்தான் ஓடுகிறது. இப்படியே ஓட்டலாமா?
- திருமங்கலம் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் வெளியே இருக்கும் மெயினை அணைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ஃபிளேம்ப்ரூஃப் என்றால் உள்ளே தீயே வராது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தப்பு. மோட்டார் சூடாகி ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், கூடவே டொலுவீன் ஆவியும் போகும், அங்கே ஒரு பொறி பட்டால் வெடிக்கத்தான் செய்யும். அந்த வெடிப்பைக் கூடு தாங்க வேண்டும். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் மயிரிழைச் சந்து வழியாக வெளியேறும் சூட்டு வாயு, இழைத்த இரண்டு முகங்களில் உரசிக்கொண்டே போய்ச் சூடு தணிந்து, வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்கும் தெம்பு இல்லாமல் வரவேண்டும். உங்கள் உயிரைக் காப்பது அந்த இரண்டு முகங்கள்தான். அங்கேதான் எம்-சீல் இருக்கிறது! அது இறுகிவிட்டால் மூடி படிந்து உட்காராது, அடுத்த தடவை யாராவது ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் முகத்தில் கீறல் விழும். பெயிண்டும் கூடாது. இறுகாத கிரீஸ், தயாரிப்பாளர் சொன்னது, மெல்லிசாகப் பூசினால் போதும். போல்ட் இல்லாத மூலை வெடிப்பு அழுத்தத்தில் தூக்கிக்கொள்ளும், அதற்காகப் பெரிய துளை போட்டு மரை எடுக்காதீர்கள், தயாரிப்பாளரிடமே அனுப்புங்கள்.

கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டும் ஃபிளேம்ப்ரூஃப் சான்று உள்ளதா, கேபிள் தடிமனுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பயன்படாத துளையை பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். ஷாஃப்ட் கீழ்நோக்கி நிற்பதால் ஃபேன் மேல் ஒரு கூரைத் தகடு வேண்டும், இல்லாவிட்டால் மேலிருந்து விழும் நட்டு உள்ளே போய் ஃபேனில் உரசும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். பெயர்த்தகட்டில் வேறு எதுவும் குறிக்கவில்லையென்றால் அந்த மோட்டார் 40 டிகிரி வரைக்கும்தான். சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் அதைத் தாண்டிவிடும், காற்றோட்டம் செய்யுங்கள். டொலுவீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தரையில்தான் படுத்திருக்கும், அதனால் எக்ஸாஸ்ட் கீழே வேண்டும். ஸ்டார்டர் டிரம்மின் பக்கத்தில் சாதாரண டப்பாவாக இருந்தால் அதையும் வெளியே கொண்டுபோங்கள்.

கேள்வி: காயில் எரிந்துபோன ஃபிளேம்ப்ரூஃப் மோட்டாரை உள்ளூர் ரீவைண்டிங் கடையில் கட்டலாமா?
- மேலூர் வாசகி

பதில்: அந்த வகை மோட்டாரைப் பழுது பார்க்கத் தகுதி பெற்ற பட்டறை என்றால் மட்டும் கொடுங்கள் அம்மா. சாதாரணக் கடையில் காயில் அருமையாகக் கட்டுவார்கள், ஆனால் துரு எடுக்கிறேன் என்று மூடி முகத்தில் எமரித்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தச் சந்து அகலமாகிவிடும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.