அந்தத் தாய் ஏன் பயிற்சி செய்யவில்லை?

கேள்வி: வளர்ச்சியில் தாமதமோ குறைபாடோ உள்ள சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகச் சிறப்பு ஆசிரியையாக வேலை செய்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள இரண்டரை வயது ஆண் குழந்தை ஒருவன் வாரம் ஒரு மணி நேரம் என்னிடம் வருகிறான். வீட்டில் செய்வதற்கு ஒன்பது பயிற்சிகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாய் ஒன்றைக்கூடச் செய்வதில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். தந்தை ஒருநாளும் வந்ததில்லை. பாட்டியோ, "வளர வளரச் சரியாகிவிடும்" என்கிறார். போன வாரம் பொறுக்க முடியாமல் கடிந்து பேசிவிட்டேன். இந்த வாரம் அவர்கள் வரவே இல்லை. குழந்தையின் பொன்னான ஆண்டுகள் வீணாகின்றன. இந்தக் குடும்பத்தை எப்படி ஒத்துழைக்க வைப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தாயைத் தொலைபேசியில் அழையுங்கள். நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம். "அன்று நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னித்துவிடுங்கள். உங்களையும் குழந்தையையும் பார்க்காமல் மனம் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். பயிற்சியைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் வரக் கூடாது. வருவதையே அவர்கள் நிறுத்திவிட்டால், நீங்கள் படித்த படிப்பு அத்தனையும் இருந்தும் அந்தக் குழந்தைக்கு ஒன்றும் சேராது.

உங்கள் கோபம் அக்கறையிலிருந்து வந்தது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் "ஒத்துழைக்க வைப்பது" என்ற சொல் என்னை உறுத்துகிறது. வேலை நம்முடையது, அவர்கள் நமக்குக் கைகொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 11 மணி நேரம் விழித்திருக்கும். வாரத்துக்கு 77 மணி நேரம். அதில் உங்களோடு கழிவது ஒரே ஒரு மணி நேரம். மீதி 76 மணி நேரமும் அந்தத் தாயின் மடியிலும் பாட்டியின் இடுப்பிலும் அந்த வீட்டுத் தரையிலும்தான் அவன் வளர்கிறான். வேலை அவர்களுடையது. கைகொடுக்க வந்தவர்கள் நாம்.

1969-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், போர்ட்டேஜ் என்ற ஊரில் ஒரு திட்டம் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் சிதறி இருந்ததால் எல்லோரையும் ஓரிடத்துக்கு வரவழைப்பது கடினம். எனவே ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை வீடுகளுக்குப் போனார்கள். அவர்கள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. வறுமையில் வளரும் குழந்தைகளுக்கான ஆரம்பநிலைத் திட்டங்களை 1974-இல் தொகுத்து ஆராய்ந்த உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னரும், குடும்பம் பங்கெடுக்காத இடங்களில் கிடைத்த முன்னேற்றம் திட்டம் முடிந்தபின் கரைந்துபோவதைச் சுட்டிக்காட்டினார். நமக்கு இது பழைய பாடம். ஆனாலும் ஒவ்வொரு தலைமுறையும் இதை மறந்துவிட்டுத் தாளையும் பேனாவையும் எடுக்கிறது.

நானும் எடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாய்க்குப் பன்னிரண்டு பயிற்சிகளை எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனால், அந்தத் தாள் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒன்றையும் அவர் செய்திருக்கவில்லை. "தினமும் அதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் நான் நல்ல தாய் இல்லை என்று தோன்றுகிறது" என்றார். உதவி என்று நினைத்து நான் கொடுத்தது அவர் கண்முன் குற்றப்பத்திரிகையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றோடு பட்டியல் எழுதுவதை விட்டுவிட்டேன். உங்கள் முன் தலைகுனியும் அந்தத் தாயை நான் சோம்பேறி என்று நினைக்கவில்லை. களைத்துப் போயிருக்கிறார், வெட்கப்படுகிறார்.

அவர் மீண்டும் வந்தால், அல்லது நீங்கள் வீட்டுக்குப் போக முடிந்தால், ஒரு நாளின் கதையைக் கேளுங்கள். குழந்தை கண்விழிப்பதிலிருந்து உறங்குவது வரை, குளியல், உடை, உணவு, விளையாட்டு, வெளியே போவது என்று ஒவ்வொரு பொழுதிலும் அவன் என்ன செய்கிறான், யார் கூட இருக்கிறார்கள், எது சுலபம், எது பாடு என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதை ஒரு பேட்டி முறையாகவே வகுத்த ஆரம்பநிலை இடையீட்டு நிபுணர் ராபின் மெக்வில்லியம், இரண்டு கேள்விகளை அதில் சேர்த்திருக்கிறார். இரவில் தூக்கம் வராதபோது எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்? வாழ்க்கையில் ஒன்றை மாற்ற முடிந்தால் எதை மாற்றுவீர்கள்? கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் வர நேரம் எடுக்கும். அழுகை வந்தால் அதற்கும் இடம் கொடுங்கள்.

"பத்து நிமிடம் அவன் தனியாக உட்கார்ந்தால் நான் நிம்மதியாகக் குளிப்பேன்" என்று அவர் சொல்லக்கூடும். அதுவே உங்கள் முதல் இலக்கு. "உட்காரும் சமநிலையை மேம்படுத்துதல்" என்று நீங்கள் கோப்பில் எழுதியதும் இதுவாகவே இருக்கலாம். ஆனால் இப்போது அது அவருடைய ஆசையாகிவிட்டது. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் சாய்த்து, இடுப்புக்கு அணைகொடுத்து உட்காரவைக்கலாமா என்று இயன்முறை மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள். கால்கள் இறுகிப் பின்னிக்கொள்ளும் குழந்தையானால், இடுப்பின் இருபுறமும் கால் போட்டுத் தூக்குவதே நல்ல பயிற்சி. எப்படியும் நாள் முழுவதும் தூக்கத்தானே செய்கிறார்கள்? சட்டை போடும்போது இறுகிய கையை முதலில் நுழைப்பது, கழற்றும்போது அதைக் கடைசியில் விடுவிப்பது, ஊட்டும்போது தலை பின்னால் சாயாமல் பார்த்துக்கொள்வது, இரண்டு பொம்மைகளைக் காட்டிவிட்டு அவன் கண் எதன் பக்கம் போகிறது என்று காத்திருப்பது, இவை எதற்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று போதும். அதையும் நீங்கள் செய்துகாட்டுவதோடு நிறுத்தாமல், உங்கள் முன்னால் அவரைச் செய்யவிட்டு, எது சரியாக வந்தது என்று குறிப்பிட்டுச் சொல்லிப் பாராட்டுங்கள்.

தந்தை விஷயத்தில் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். உங்கள் மையம் திறந்திருக்கும் நேரம் அவர் வேலை நேரமாக இருக்கலாம். மையத்தின் வாசலை மிதித்தால் குழந்தையின் குறையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயமும் இருக்கலாம்; பல தந்தையரிடம் நான் பார்த்தது அதுதான். அவர் குழந்தையோடு ஏற்கெனவே என்ன செய்கிறார் என்று தாயிடம் கேளுங்கள். மாலையில் தோளில் தூக்கிவைத்துக்கொள்கிறார் என்றால், அங்கிருந்தே தொடங்கலாம்.

பாட்டியிடம் வாதாட வேண்டாம். "சரியாகிவிடும்" என்பது அறியாமை மட்டுமல்ல, அந்த வீட்டில் எஞ்சியிருக்கும் நம்பிக்கையும் அதுதான். பொய் வாக்குறுதியும் கொடுக்க வேண்டாம். "அவன் வளர்வான் அம்மா. எப்படி வளர்வான் என்பதில் உங்கள் கைக்கும் பங்கு இருக்கிறது. அவன் அழும்போது நீங்கள் எப்படிச் சமாதானப்படுத்துகிறீர்கள், எனக்குக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

தாயின் உறக்கத்தையும் மனநிலையையும் விசாரியுங்கள். எதிலும் பிடிப்பில்லாமல், நாள்கணக்கில் அழுதுகொண்டிருந்தால் அவருக்கே சிகிச்சை தேவைப்படலாம். அதைச் சொல்லத் தயங்காதீர்கள். இதே பாதையில் சில ஆண்டுகள் முன்னால் போன இன்னொரு தாயை, இருவரின் சம்மதத்தோடு, அறிமுகப்படுத்துங்கள். நாம் பத்து முறை சொல்லியும் ஏறாதது அவர்கள் பேச்சில் ஏறிவிடும்.

"பொன்னான ஆண்டுகள்" பற்றி ஒரு வார்த்தை. சின்ன வயதில் மூளை புதியதைக் கற்று எளிதில் மாறிக்கொள்ளும் என்பது உண்மை. அதனால்தான் நாம் இந்த வேலையில் இருக்கிறோம். மூன்று வயதில் கதவு சாத்தப்படுகிறது என்பது உண்மை இல்லை. அந்தப் பயத்தைத் தாய் தலையில் ஏற்றினால், அவர் வேகமாக ஓடமாட்டார், உடைந்துபோவார்.

அவரைச் சந்திக்கும்போது அந்த ஒன்பது பயிற்சித் தாளை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அது இனி வேண்டாம் என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டு, இந்த வாரம் எப்படிப் போனது என்று கேளுங்கள்.