கோவை மாதிரி இன்னொரு மாவட்டம் உருவாக என்ன வேண்டும்?

"எங்கள் மாவட்டத்தில் சிப்காட் இருக்கிறது, பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. ஆனாலும் கோவை மாதிரி சொந்தத் தொழில் முளைக்கவில்லையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிலமும் கல்லூரியும் இரண்டு முனைகள். நடுவில் இருக்க வேண்டிய ஜாப் ஒர்க் பட்டறைகள் (பிறர் தரும் வேலையைக் கூலிக்குச் செய்பவை), வார்ப்பாலைகள், வார்ப்புக்கான மாதிரி உருவமான பேட்டர்ன் செய்பவர்கள், சோதனைக்கூடங்கள் பெரும்பாலான மாவட்டங்களில் இல்லை. என் பார்வையில் கோவையின் பலம் முழுக்க அந்த நடு அடுக்கில்தான் இருக்கிறது.

அது உருவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. 1888-ல் ஸ்டேன்ஸ் நூற்பாலை வந்தது. ஆலைகள் பெருகியபோது உதிரி பாகம் செய்யவும் பழுது பார்க்கவும் பட்டறைகள் தோன்றின. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும், கிணற்றுப் பாசனத்தை நம்பியிருந்த கொங்கு விவசாயிகள் பம்ப்செட்டுக்குச் சந்தையானார்கள். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் உள்ளூரிலேயே மின்மோட்டார் தயாரித்தார்கள். 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் தொழிற்பயிற்சி நிலையம் விற்பனைக்கே பம்ப்பும் மோட்டாரும் செய்தது; பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-ல் அதே வளாகத்தில் எழுந்தது. படிப்பவர்களின் கண்ணெதிரிலேயே உற்பத்தி நடந்தது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இந்த நடு அடுக்கு எப்படி வேலை செய்கிறது என்று மோட்டாரும் பம்ப்பும் ஒரே தண்டில் இணைந்த ஒரு மோனோபிளாக் பம்ப்பை வைத்துப் பார்க்கலாம். கேசிங் (வெளிக்கூடு), இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) வார்ப்பு ஓரிடம். ஷாப்ட் கடைசல் இன்னோரிடம். மோட்டாரின் ஸ்டேட்டர் என்ற நிலையான பாகத்துக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேறிடம். அசெம்பிளி மட்டும் பிராண்ட் உரிமையாளரிடம். அவர் புது இம்பெல்லர் ஒன்றை முயன்று பார்க்கிறார். சோதனையில் வால்வை முழுதாக மூடிய ஷட்-ஆஃப் நிலையிலிருந்து அது முழுதாகத் திறக்கும் வரை பல புள்ளிகளில் அழுத்தம், நீரளவு, மின் நுகர்வு மூன்றையும் எடுத்துக் கோடு வரைவார்கள். எதிர்பார்த்ததைவிட நீரளவு குறைகிறது என்றால் மூன்று காரணங்களைத்தான் முதலில் தேடுவார்கள். வார்க்கும்போது உள்வெற்றிடத்தை உருவாக்கும் மணல் கோர் நகர்ந்து நீர்ப்பாதை ஒரு பக்கம் குறுகியிருக்கலாம். மணலின் தரம் சரியில்லாமல் உட்புறம் சொரசொரப்பாகியிருக்கலாம். இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வியரிங் ரிங் என்ற தேய்மான வளையத்துக்கும் இடைவெளி கூடி, தள்ளிய நீர் மறுபடி உறிஞ்சு பக்கத்துக்கே கசியலாம். முதலிரண்டும் வார்ப்பாலையில் சரியாக வேண்டியவை, மூன்றாவது லேத்தில். எல்லாரும் சில கிலோமீட்டருக்குள் இருந்தால் ஒரே வாரத்தில் திருத்தி மறுபடி சோதிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வெளியூர் போக வேண்டியிருந்தால் ஒரு திருத்தத்துக்கே மாதம் ஓடிவிடும், இரண்டாவது முயற்சியில் ஆள் கைவிட்டுவிடுவார்.

வாடிக்கையாளர் அருகில் இருப்பதும் அதே அளவு முக்கியம். 415 வோல்ட் வர வேண்டிய மும்முனை இணைப்பில் 300 வோல்ட்தான் வருகிறது என்றால், மோட்டாரின் முறுக்குவிசை ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே சுமையை இழுக்கக் கூடுதல் கரண்ட் எடுக்கும், வைண்டிங் எரியும். எரிந்த மோட்டார்கள் பட்டறைக்கு வந்துகொண்டே இருந்ததால்தான் குறைந்த வோல்டேஜிலும் தாங்கும் வைண்டிங் வடிவமைப்புகள் அங்கே சீக்கிரம் பிறந்தன.

சிறு பட்டறை தனியாக வாங்க முடியாததைக் கூட்டாக வாங்கியதும் கோவையில் நடந்தது. ஆலைகளின் ஆதரவோடு எழுந்த சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம், போட்டி ஆலைகளிடமிருந்தே உற்பத்தித்திறன் கணக்குகளை வாங்கி, ஒப்பிட்டுத் திருப்பித் தருகிறது. பம்ப்களுக்கு சிட்டார்க் சோதனைக்கூடம் 1980களில் வந்தது. நீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் பம்ப்புக்கு ஐ.எஸ். 8034, மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079 என்று இந்தியத் தரநிலைப்படி தரச்சான்று வேண்டுமானால் நம்பகமான சோதனை கட்டாயம். பெரிய கம்பெனியால் அது சொந்தமாக முடியும், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையால் முடியாது.

உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே ஓடும் ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி ஆலையோ விசைத்தறியோ எதுவானாலும் சரி. அதற்காக எந்தெந்த வேலை மாவட்ட எல்லையைத் தாண்டிப் போகிறது என்று பில்களைப் பார்த்துப் பட்டியல் எடுங்கள். ஹீட் ட்ரீட்மென்ட் (உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்துதல்), கியர் வெட்டுதல், டைனமிக் பேலன்சிங் (சுழலும் பாகம் அதிராதபடி எடையைச் சமன் செய்தல்) ஆகியவை அடிக்கடி அதில் இருக்கும். மாதம் முழுக்க ஓடுமளவு வேலை எதற்கு இருக்கிறதோ, அந்த ஒன்றை மட்டும், பல பட்டறைகள் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தும் பொது வசதி மையமாகத் தொடங்கலாம். மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டத்தில் இதற்கு மானியம் உண்டு.

இத்தகைய மையங்கள் படுத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மெஷின் அல்ல. மானியம் கட்டடத்துக்கும் மெஷினுக்கும் கிடைக்கும். ஆபரேட்டர் சம்பளம், ஆண்டுதோறும் செய்ய வேண்டிய அளவீட்டுச் சரிபார்ப்பு, உதிரி பாகம் எல்லாம் கட்டண வருவாயில்தான் ஓட வேண்டும். முதல் இரண்டு ஆண்டு நஷ்டத்துக்கு உறுப்பினர்கள் முன்கூட்டியே பணம் ஒதுக்காவிட்டால் நல்ல ஆபரேட்டர் போய்விடுவார், அளவுகள் நம்பகம் இழக்கும், பிறகு யாரும் வர மாட்டார்கள். நிர்வாகக் குழுவிலுள்ள பெரிய யூனிட்டின் வேலைக்கு முதலிடம் கொடுப்பது இன்னொரு கேடு. வரிசை எண் எல்லாருக்கும் தெரியும்படி பலகையில் இருக்கட்டும்.

ஜாப் ஒர்க் பட்டறையைக் கொல்வது தாமதப் பணம். உத்யம் என்ற மத்திய அரசின் இணையப் பதிவைச் செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம். இப்போது வருமான வரிச் சட்டத்தின் விதியும் சேர்ந்திருக்கிறது: கெடு தாண்டிய பாக்கியை, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் செலவுக் கணக்கில் காட்ட முடியும். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் பதிவு செய்யாதவை எத்தனை என்று முதலில் எண்ணி, அவர்களுக்கு உத்யம் எண் எடுத்துக் கொடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் பதிவை அன்றே முடித்துவிடலாம்.