யாரும் வாங்காத வீட்டுச் சாமான்களை என்ன செய்வது? திருகோணமலை உறவுகளின் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலையில் பழைய பிளாஸ்ரிக், இரும்பு, பேப்பர் எல்லாம் வாங்கிப் பிரித்து மொத்தமாக அனுப்புகிற கடையொன்றில் வேலை செய்கிறேன். போத்தலையும் இரும்பையும் யாருக்குக் கொடுப்பது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாங்காததை என்ன செய்வதென்று கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா: பால்மா பக்கற், பிஸ்கட் உறை எல்லாம் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கு நிறைய வைத்திருக்கிறேன். போத்தல் எடுக்க வருகிற தம்பி தொடவே மாட்டேன் என்கிறார். ஏன்?

அக்கா, அந்தத் தம்பியில் பிழையில்லை. பால்மா பக்கற்றைக் கிழித்து அதன் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே தாள் போலத் தெரிந்தாலும் அது படலம் படலமாக ஒட்டியது: வெளியே அச்சடித்த பிளாஸ்ரிக், நடுவில் அலுமினியப் பூச்சோ தாளோ, உள்ளே சூட்டில் ஒட்டக்கூடிய பொலித்தீன். மாவில் ஈரமும் காற்றும் வெளிச்சமும் படக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பிளாஸ்ரிக்கை உருக்கி மறுபடி பொருள் செய்கிறவருக்கு ஒரே வகைதான் வேண்டும், இந்தப் படலங்களைப் பிரிக்க ஆகும் செலவோ கிடைக்கிற பொருளின் விலையை விட அதிகம். அதனால்தான் வாங்க ஆளில்லை.

இப்படிப்பட்டவை டன் கணக்கில் சேர்ந்தால் புத்தளம் சீமெந்து ஆலையின் சூளையில் எரிபொருளாகப் போக வழியுண்டு, அங்கே வெப்பம் 1400 பாகைக்கு மேல். அந்த அளவு சேர்க்கிற திட்டம் உங்கள் பிரதேசத்திலோ பிள்ளைகளின் பாடசாலையிலோ இருந்தால் தனியாகக் கட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் உக்காத குப்பையோடு, உலர்ந்தபடி, சபை வண்டிக்குக் கொடுப்பதுதான் சரி. தயவுசெய்து தண்ணீர்ப் போத்தல் சாக்குக்குள் மட்டும் திணித்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு நாலு உறை கலந்திருந்தாலே அந்தச் சாக்கின் விலை விழுந்துவிடும், சில நேரம் முழுச் சாக்குமே குப்பைக்குப் போகும். நல்ல மனதோடு "எதற்கும் இருக்கட்டும்" என்று போடுகிற பொருளால்தான் எங்களுக்கு அதிக நட்டம்.

இன்னொன்று, முடிந்தவரை பெரிய பக்கற்றாக வாங்குங்கள். 20 மில்லிலீற்றர், 20 கிராமுக்கு உட்பட்ட சின்னச் சின்ன சஷேக்களை 2021 மார்ச் 31 முதல் தடைசெய்தார்கள், ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மிச்சம் நம் கையில்தான் இருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: பழைய சுருள் பல்ப், ரியூப் லைட் நிறையச் சேர்ந்துவிட்டது. உடைத்துப் புதைக்கலாமா?

வேண்டாம் நானா, உடைக்கவே வேண்டாம். உள்ளே பாதரசம் இருக்கிறது. சுருள் பல்ப்பில் சில மில்லிகிராம்தான், ஆனால் உடைத்தால் ஆவியாக மூச்சில் போகும், புதைத்தால் மண்ணில் தங்கும். நம் கரையோர மணல் மண்ணில் எதைப் புதைத்தாலும் அது கிணற்றுக்கு வருவதற்கு அதிக தூரமில்லை, இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பல்ப் வாங்கிய மட்டைப் பெட்டியிலேயே பழையதை வைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் சேருங்கள். மின்கழிவு சேகரிக்க அனுமதி பெற்றவர்களின் பட்டியல் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் உண்டு. சேகரிப்பு நாள் அறிவிக்கும்போது அவர்களிடம் கொடுக்கலாம்.

தவறி உடைந்துவிட்டால் யன்னலைத் திறந்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, எல்லோரும் ஒரு கால் மணி நேரம் அறையை விட்டு வெளியே இருங்கள். பிறகு தும்புத்தடியால் கூட்டாதீர்கள், அது தூளைப் பரப்பிவிடும். தடித்த மட்டை இரண்டால் வழித்தெடுத்து, மிச்சத் தூளை ஒட்டும் ரேப்பால் ஒற்றியெடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் போட்டு இறுக்குங்கள். எல்ஈடி பல்ப்பில் பாதரசம் இல்லை, அதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: பழைய போன் பட்டரி வீங்கிப்போய்விட்டது. குப்பையில் போட்டால் என்ன?

குப்பை வண்டி அழுத்தும்போது தீப்பிடிக்கும் தங்கச்சி, வண்டியில் நிற்கிற அண்ணாமாருக்குத்தான் ஆபத்து. வீங்கியதைக் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜ் போடவே வேண்டாம். ஒரு பழைய பிஸ்கட் ரின்னில் காய்ந்த மணல் போட்டு அதற்குள் வைத்து வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். பிறகு போன் திருத்தும் கடையிலோ தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் நிலையத்திலோ எடுப்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். பட்டரி வீங்கியிருப்பதையும் சொல்லுங்கள்.

ரிமோட், விளையாட்டுச் சாமான், தராசில் இருக்கிற வட்டப் பட்டரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கழற்றியதும் இரண்டு பக்கமும் ரேப் ஒட்டுங்கள். சின்னப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். விழுங்கியது போலச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டிப் பட்டரி என்றால் கவலையில்லை, ஈயத்துக்கு விலை இருப்பதால் புதியது வாங்குகிற கடையிலேயே பழையதைக் கழித்துக்கொள்வார்கள். ஆனால் உள்ளே இருக்கிற அசிட்டை வடிகாலில் ஊற்றிவிட்டுக் கொண்டுபோகாதீர்கள், ஊற்றாமல் முழுசாகக் கொடுங்கள்.

பாலையூற்றிலிருந்து ஒரு தம்பி: பழைய வயரை எரித்துச் செம்பு எடுத்தால் நல்ல விலை போகிறது. சின்னதாக எரித்தாலும் பிழையா?

பிழைதான் தம்பி. அந்த வயரின் மேல்தோல் பிவிசி என்ற பிளாஸ்ரிக். எரித்தால் தொண்டையைக் கரகரக்க வைக்கிற அமிலப் புகையும் டையொக்சின் என்ற நஞ்சும் வரும். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் உங்கள் வளவில் எரிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூச்சுக்குள் போகும். டையொக்சின் சாம்பலிலும் மண்ணிலும் தங்கி, அங்கே கொத்தித் தின்கிற கோழியின் முட்டை வழியாக நம் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். காசு பார்க்கிற ஆசை எனக்கு விளங்குகிறது, நானும் அதே தொழிலில்தான் நிற்கிறேன். கத்தியால் நீளவாட்டில் கீறி உரித்தெடுங்கள். கரி பிடித்த செம்பை விட உரித்த பளபளப்பான செம்புக்குத்தான் விலை கூட, நாங்களே அப்படித்தான் தரம் பிரிக்கிறோம். உரிக்க முடியாத மெல்லிய வயரைத் தோலோடு கொடுத்தாலும் எடுக்கிற இடங்கள் உண்டு, விலை மட்டும் குறையும்.

மட்டிக்களியிலிருந்து ஒரு அம்மா: எனக்கு இன்சுலின் ஊசி தினமும் வேண்டும். போட்ட ஊசியை என்ன செய்வது? காலாவதியான குளிசைகளும் கிடக்கின்றன.

அம்மா, கழிவறை கழுவுகிற திரவம் வருகிற தடித்த போத்தல் இருக்கிறதல்லவா, அது முடிந்ததும் கழுவி, போட்ட ஊசியை மூடியை மறுபடி மாட்டாமல் நேராக அதற்குள் போடுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் மூடி, ரேப் சுற்றி, "ஊசி" என்று பெரிதாக எழுதி, கிளினிக் போகிற நாளில் கொண்டுபோய்க் கேளுங்கள். ஆஸ்பத்திரிகளில் கூரான கழிவுக்குத் தனி வழி இருக்கிறது. மறுத்தால் அங்கேயுள்ள தாதியிடம் எங்கே கொடுப்பது என்று கேட்காமல் திரும்பாதீர்கள். குப்பைப் பையில் தளர்வாகப் போட்ட ஊசி பிரிக்கிறவர் கையில்தான் ஏறும். எங்கள் கடையில் கையுறை போட்டாலும் ஊசி அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

குளிசையைக் கழிவறையில் போடாதீர்கள். மருந்துக் கடையில் திருப்பி எடுக்கவில்லையென்றால் உறையிலிருந்து பிரித்து, குடித்த தேயிலைச் சக்கையோடு பிசைந்து, ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அப்போதுதான் யாரும் எடுத்து விழுங்கமாட்டார்கள்.

சந்தையில் மீன் விற்கிற ஒரு அண்ணா: ரெஜிபோம் பெட்டி உடைந்தால் கடற்கரையில்தான் கிடக்கிறது. எடுப்பவர் உண்டா?

அண்ணா, அதன் பெரும்பகுதி காற்றுத்தான், லொறி நிறைய ஏற்றினாலும் எடை வராது. மீன் வாடையும் சேர்ந்தால் யாரும் தொடமாட்டார்கள். அதனால் உடையாமல் பார்ப்பதுதான் வழி: மூலைகளுக்கு அகலமான ரேப் சுற்றுங்கள், பெட்டியை சாக்குக்குள் வைத்துத் தூக்குங்கள். முடிந்தால் பிளாஸ்ரிக் ஐஸ் பெட்டிக்கு மாறுங்கள், விலை அதிகம்தான், ஆனால் பல வருடம் உழைக்கும். உடைந்த துண்டை கடற்கரையில் மட்டும் விடாதீர்கள். அது மணி மணியாக உதிர்ந்துவிட்டால் பொறுக்கவே முடியாது.

மூதூரிலிருந்து ஒரு ஐயா: கூரையிலிருந்து கழற்றிய பழைய அஸ்பெஸ்டஸ் சீற் கிடக்கிறது. உடைத்துப் பாதைக்குப் போடலாமா?

கூடாது ஐயா. முழுதாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கிற கண்ணுக்குத் தெரியாத நார் நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும். பாதைக்குப் போட்டால் வாகனம் ஏற ஏறத் தூள் பறந்துகொண்டே இருக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுச் சீற்றாகவே தூக்கி, தடித்த பொலித்தீனால் சுற்றிவைத்துப் பிரதேச சபையிடம் கேளுங்கள்.

நகரிலிருந்து ஒரு அக்கா: சொப்பிங் பையும் யோகட் கப்பும்?

யோகட் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கிற எண்ணைப் பாருங்கள், அது என்ன வகைப் பிளாஸ்ரிக் என்று சொல்கிற எண். 5 என்றால் கழுவிக் கொடுங்கள், வாங்குகிறவர் உண்டு. 6 என்றால் கஷ்டம். எண் தெரியாவிட்டால் நசுக்கிப் பாருங்கள், படக்கென்று வெடித்தால் அநேகமாக 6, மடிந்து வெள்ளைக் கோடு விழுந்தால் 5.

சொப்பிங் பை சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் சேர்த்துக் கட்டிக் கொடுக்கலாம். 2025 நவம்பர் 1 முதல் கடைகள் அதை இலவசமாகத் தரக்கூடாது, ஆகவே துணிப்பையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கறி ஒட்டிய பையை மட்டும் தெருவோரம் வீசவேண்டாம் அக்கா. பிரட்றிக் கோட்டைப் பக்கமும் டவுனுக்குள்ளும் திரிகிற புள்ளிமான்கள் உப்புச் சுவைக்காக அதையே மென்று விழுங்குகின்றன. வயிற்றுக்குள் உருண்டையாகக் கட்டிப்போய்ச் செத்த மான்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. மிச்சச் சாப்பாட்டை உக்கும் குப்பைக்குத் தட்டிவிட்டு, பையை அலசிக் கொடியில் காயப்போட்டால் போதும்.

பம்பர்ஸ் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மறுசுழற்சி வழி இங்கே எனக்குத் தெரிந்து இல்லை. மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, இறுகச் சுருட்டி, தனிப் பையில் கட்டி சபை வண்டிக்குக் கொடுங்கள். பகலில் வீட்டில் இருக்கும்போது துணி கட்டினாலே பாதி குறைந்துவிடும்.